பென்ஷன் யாருக்குச் சேரும்?



இன்றைய பேச்சு குடும்ப பென்ஷனைப் பற்றியது.

வீட்டில் சம்பாதித்தவர் இறந்துவிடுகிறார். காரியம் முடிகிறது. வந்த உறவினர்கள் ஊர் திரும்புகிறார்கள். அடுப்பு மூட்ட வேண்டிய நேரம் வருகிறது. அப்போது அந்த வீட்டுப் பெண்ணின் மனதில் ஒரு கேள்வி எழுகிறது. அடுத்த மாதம் அரிசிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

இறந்தவர் அரசு ஊழியராக இருந்தால் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. வைப்பு நிதி பிடிக்கப்பட்ட ஆலைத் தொழிலாளியாக இருந்தாலும் பென்ஷன் உண்டு. இது பலருக்கும் தெரியும். ஆனால் குடும்பத்தில் யாருக்கு? மனைவிக்கா? மூத்த மகனுக்கா? பெற்ற தாய்க்கா? நாமினி என்று பெயர் எழுதிய தம்பிக்கா? இங்கேதான் குழப்பம் வருகிறது.

குழப்பம் வரும்போது யாராவது ஒருவர் முன்னால் வருகிறார். "இந்தக் காகிதத்தில் கைநாட்டு வை. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். அழுது ஓய்ந்திருக்கும் பெண் கைநாட்டு வைத்துவிடுகிறார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

எழுதப் படிக்கக் கற்றவருக்கு இந்த நிலை வரக் கூடாது. குடும்ப பென்ஷனுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் யார், அடுத்து யார் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. அந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது.

இது யாருடைய தயவும் அல்ல

மத்திய அரசு ஊழியர்களுக்கான குடும்ப பென்ஷன் திட்டம் 1964 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அப்போது இது முழுக்க இலவசம் இல்லை. ஊழியர் தம் இரண்டு மாதச் சம்பளத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காதவரின் குடும்பத்துக்குப் பென்ஷன் கிடையாது. 1977 செப்டம்பரில் அந்த நிபந்தனை நீங்கியது. ஆனாலும் பழைய விதவைகள் பலர் விடுபட்டுப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் அவர்களுக்கும் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி பிறந்தது.

அதற்கு முன்பே, 1982 டிசம்பர் 17 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடும் கொடை இல்லை, உழைத்தவரின் உரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால்தான் டிசம்பர் 17ஆம் தேதியை ஓய்வூதியர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே, பென்ஷன் கேட்டு அலுவலகத்துக்குப் போகும் பெண் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. கணவர் உழைத்த உழைப்பின் பலனைக் கேட்டு வாங்க அவர் போகிறார்.

ஒரு தபால்காரரின் குடும்பம்

ஒரு தபால்காரரை எடுத்துக்கொள்ளலாம். அவர் 1998இல் அரசு வேலையில் சேர்ந்தார். 2018இல் பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். அவருக்கு மனைவி இருக்கிறார். 20 வயதில் ஒரு மகள். 15 வயதில் ஒரு மகன். 70 வயதுத் தாயும் அதே வீட்டில் இருக்கிறார்.

நால்வரில் பென்ஷன் யாருக்கு?

முதல் உரிமை மனைவிக்குத்தான். மகன் பெரியவனாகிவிட்டாலும் சரி, மாமியார் வீட்டில் இருந்தாலும் சரி, மனைவி உயிரோடு இருக்கும்வரை பென்ஷன் அவருக்கே. அவர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் பென்ஷன் நிற்காது. கணவர் இறந்ததற்காகக் கருணை அடிப்படையில் அவருக்கோ மகனுக்கோ வேலை கிடைத்தாலும் மனைவியின் பென்ஷன் நிற்காது. "உனக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே, பென்ஷன் எதற்கு?" என்று யாராவது கேட்டால் அதை நம்ப வேண்டாம்.

மனைவி அரசு ஊழியராக இருந்து இறந்தால் கணவருக்கும் இதே உரிமை உண்டு. ஆனால் இதில் 2024 ஜனவரியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அரசு வேலை பார்க்கும் ஒரு பெண் கணவர் மீது விவாகரத்து வழக்குப் போட்டிருக்கலாம். வரதட்சணைக் கொடுமை, குடும்ப வன்முறை என்று வழக்குத் தொடுத்திருக்கலாம். அப்படிப்பட்டவர், "என் பென்ஷன் என் கணவருக்கு முன்பு என் பிள்ளைகளுக்குப் போக வேண்டும்" என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டால் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு முதல் உரிமை கிடைக்கும்.

எவ்வளவு கிடைக்கும்?

தபால்காரரின் கடைசி அடிப்படைச் சம்பளம் மாதம் 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பணியில் இருக்கும்போது இறந்ததால் முதல் 10 ஆண்டுகளுக்குப் பாதிச் சம்பளம் குடும்ப பென்ஷனாகக் கிடைக்கும். அதாவது மாதம் 18,000 ரூபாய். 10 ஆண்டு முடிந்த பிறகு சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்கு கிடைக்கும். அதாவது 10,800 ரூபாய். இரண்டு தொகையோடும் விலைவாசிக்கு ஏற்ற அகவிலைப்படியும் சேரும்.

ஓய்வு பெற்ற பிறகு இறந்தவரின் குடும்பத்துக்கு 10 ஆண்டுக் கணக்கு இல்லை. இறந்த நாளிலிருந்து 7 ஆண்டு, அல்லது அவர் உயிரோடு இருந்தால் 67 வயதாகும் நாள். இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை கூடுதல் தொகை கிடைக்கும். பிறகு 30 பங்கு.

கணக்குப் போட்டால் 30 பங்கு மிகக் குறைவாக வரலாம். அப்போதும் 9,000 ரூபாய்க்குக் கீழே கொடுக்கக் கூடாது. 2016 ஜனவரி 1 முதல் இதுதான் மிகக் குறைந்த தொகை. பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயதானால் நூற்றுக்கு 20 பங்கு கூடும். 85, 90, 95 வயதுகளில் மேலும் கூடும். 100 வயதானால் இரட்டிப்பாகும்.

மனைவி மறுமணம் செய்துகொண்டால்

இளம் வயதில் கணவரை இழந்த பெண் மறுமணம் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் பென்ஷன் என்னவாகும் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் இருந்தால், மறுமணத்தோடு அவருடைய உரிமை முடிகிறது. பென்ஷன் பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளையில்லாத விதவை மறுமணம் செய்தால் பென்ஷன் தொடரும். ஆனால் அவருடைய மற்ற வருமானம் ஒரு அளவுக்குள் இருக்க வேண்டும். அந்த அளவு 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகை. இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதே அளவு மறுபடி வரும்.

பிள்ளைகளின் முறை

தபால்காரரின் மனைவியும் சில ஆண்டுகளில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பிள்ளைகளின் முறை.

மகன் முதலில், மகள் பிறகு என்ற பேச்சு இங்கே இல்லை. யார் முதலில் பிறந்தாரோ அவருக்கு முதலில். ஒவ்வொருவருக்கும் 25 வயது வரை கிடைக்கும். அதற்குள் திருமணமானாலோ, மேலே சொன்ன அளவுக்கு மேல் சம்பாதித்தாலோ நின்றுவிடும். மூத்தவரின் காலம் முடிந்ததும் அடுத்தவருக்கு வரும். இரட்டைப் பிள்ளைகளானால் சமமாகப் பங்கு. தந்தை இறந்த பிறகு பிறந்த குழந்தைக்கும், சட்டப்படி தத்தெடுத்த குழந்தைக்கும் உரிமை உண்டு. பிள்ளை மைனராக இருந்தால் பாதுகாவலர் மூலம் பணம் வரும்.

உடற்குறை உள்ள பிள்ளைக்கு

பிள்ளைக்கு உடல் ஊனமோ மனவளர்ச்சிக் குறையோ இருந்து, அதனால் பிழைப்புத் தேட முடியாது என்றால், அவருக்கு வயது வரம்பே இல்லை. உயிரோடு இருக்கும்வரை பென்ஷன் கிடைக்கும். திருமணம் செய்துகொண்டாலும் நிற்காது. வருமான அளவும் இவர்களுக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு 25 வயது கடந்த பிறகு இவர்களுடைய முறை வரும்.

இதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். குறை பெற்றோர் காலத்திலேயே இருந்தது என்பதும் தெரிய வேண்டும். ஆகவே தாய் தந்தை இருக்கும்போதே சான்றிதழ் வாங்கி அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு செய்துவிடுவது நல்லது. மனவளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்பதையும் எழுதி வைக்கலாம். அப்படி எழுதி வைத்திருந்தால், "கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாவலர் உத்தரவு வாங்கி வா" என்று பிறகு அலைக்கழிக்க முடியாது.

25 வயதைக் கடந்த மகள்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பல குடும்பங்கள் இழப்பது இங்கேதான்.

முன்பு மகளுக்கும் 25 வயதோடு உரிமை முடிந்தது. 2004இல் விதவை மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும் வயது வரம்பு நீங்கியது. 2007இல் திருமணமாகாத மகளுக்கும் நீங்கியது. தாய் தந்தையை அண்டி வாழ்ந்த இப்படிப்பட்ட மகள், 40 வயதானாலும் 60 வயதானாலும் குடும்ப பென்ஷன் கேட்கலாம். 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் உடற்குறை உள்ள பிள்ளையும் இல்லாதபோது இவருடைய முறை வரும். வருமானம் சொன்ன அளவுக்குள் இருக்க வேண்டும். திருமணமோ மறுமணமோ செய்தால் நின்றுவிடும்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

விதவை மகள் என்றால், அவருடைய கணவர் இவருடைய பெற்றோர் காலத்திலேயே இறந்திருக்க வேண்டும்.

விவாகரத்தான மகள் என்றால், பெற்றோர் காலத்திலேயே விவாகரத்து ஆகியிருக்க வேண்டும். அல்லது அவர்கள் காலத்திலேயே கோர்ட்டில் வழக்காவது தொடுத்திருக்க வேண்டும். வழக்குத் தொடுத்திருந்தால் தீர்ப்பு பிறகு வந்தாலும் பரவாயில்லை. 2017இல் வந்த உத்தரவு இந்தச் சலுகையைத் தந்தது.

இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண்ணைக் கணவன் விரட்டிவிடுகிறான். அவர் கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கு வருகிறார். "கோர்ட் படி ஏறினால் குடும்ப மானம் போய்விடும். என்றைக்காவது அவனே வந்து கூட்டிப்போவான்" என்று தந்தை சொல்கிறார். பதினைந்து வருடம் போகிறது. தந்தையின் பென்ஷனில் மூவரும் சாப்பிடுகிறார்கள். தந்தை இறக்கிறார். தாய் குடும்ப பென்ஷன் வாங்குகிறார். பிறகு தாயும் இறக்கிறார்.

அன்றைக்கு அந்த மகளின் நிலை என்ன? ஊருக்கே அவர் வாழாவெட்டி. ஆனால் காகிதத்தில் அவர் இன்னும் திருமணமான பெண். திருமணமான மகளுக்குப் பென்ஷன் இல்லை. இனிமேல் வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கினாலும் பயன் இல்லை. பெற்றோர் இருவரும் போய்விட்டார்கள்.

தாய் இருக்கும்போதே வழக்குத் தொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கச் சோறு கிடைத்திருக்கும். மானத்துக்குப் பயந்து காத்திருந்ததால் கிடைக்காமல் போனது. இப்படி ஒரு மகள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் இதை அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வழக்குப் போடுவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண்தான். ஆனால் போடாமல் இருந்தால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மகளுக்குத் திருமணமானதும் குடும்ப விவரப் பட்டியலில் இருந்து அவர் பெயரை அடித்துவிடும் வழக்கம் இருந்தது. மகளின் பெயரை நீக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு எல்லா அலுவலகங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை உரிய நேரத்தில் பார்த்து முடிவு செய்வார்கள்.

தாய் தந்தைக்கு எப்போது?

தபால்காரரின் தாய்க்கு என்ன கிடைக்கும்?

மருமகளோ பேரப்பிள்ளைகளோ பென்ஷன் பெறும் தகுதியோடு இருந்தால் தாய்க்குத் தனியாகப் பென்ஷன் இல்லை. இது பல தாய்மார்களுக்கு மனவருத்தம் தரும். "பெற்றவள் நான் இருக்க, நேற்று வந்தவளுக்கா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஆனால் விதி அப்படித்தான். பென்ஷன் மருமகள் பெயரில் வந்தாலும், அது அந்தக் குடும்பம் பிழைப்பதற்காக வருகிற பணம்.

மகன் திருமணமாகாமல் இறந்திருக்கலாம். மனைவியும் பிள்ளைகளும் இல்லாமல் போயிருக்கலாம். அப்போது அவரை நம்பி வாழ்ந்த பெற்றோருக்குப் பென்ஷன் உண்டு. 1998 ஜனவரி 1 முதல் இந்த உரிமை வந்தது. தாய்க்கு முதலில், அவருக்குப் பிறகு தந்தைக்கு. இதற்கும் அதே வருமான அளவு உண்டு. பெற்றோரும் இல்லாதபோது, அவரை நம்பி வாழ்ந்த உடற்குறை உள்ள தம்பி தங்கைகளுக்கும் அண்ணன் அக்காவுக்கும் கிடைக்கும்.

இந்த வரிசையில் மருமகள் இல்லை. அதாவது மாமனாரின் பென்ஷன் மருமகளுக்கு வராது. உடல்நலமுள்ள அண்ணன் தம்பிகளும் இந்த வரிசையில் இல்லை. அண்ணன் மகன், அக்காள் மகன் யாரும் இல்லை.

நாமினி என்றால் வாரிசா?

வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் நாமினி எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பலர் பென்ஷனும் நாமினிக்குத்தான் என்று நினைக்கிறார்கள். அது தவறு. குடும்ப பென்ஷன் நாமினி எழுதிக் கொடுத்துப் போவதில்லை. விதி சொல்லும் வரிசையில்தான் போகும். உயில் எழுதியும் அதை மாற்ற முடியாது. இறந்தவர் விட்டுப்போன வீடு, நிலம் போன்ற சொத்தாக அதைக் கணக்கிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு ரயில்வே ஊழியர் குடும்பத்தின் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதி வைத்தாலும், குடும்ப பென்ஷன் தம்பிக்குப் போகாது.

இரண்டு திருமணம் செய்தவர் இறந்தால்

இது பேசக் கூச்சமான விஷயம். ஆனால் பேசியாக வேண்டும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, முதல் மனைவி உயிரோடு விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது செய்த இரண்டாம் திருமணம் செல்லாது. ஆகவே அந்த இரண்டாவது பெண்ணுக்குக் குடும்ப பென்ஷன் கிடைக்காது. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் கிடைக்காது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. 2012இல் மத்திய அரசு இதைத் தெளிவாக்கியது. சட்டப்படி செல்லுபடியாகும் இரண்டு திருமணம் என்றால் இரு விதவைகளுக்கும் சமப் பங்கு.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு முன்பே மனைவி இருக்கிறாரா என்று விசாரிப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

காணாமல் போனவர்

சிலர் வேலைக்குப் போனவர் திரும்பி வருவதில்லை. இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாது. அப்போதும் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். புகார் பதிவாகி ஆறு மாதம் ஆகியும் அவர் கிடைக்கவில்லை என்று காவல்துறை எழுதிக் கொடுத்தால் குடும்ப பென்ஷன் கேட்கலாம். புகார் கொடுக்கத் தாமதித்தால் பணமும் தாமதமாகும்.

2004க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்கள்

2004 ஜனவரி 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. ராணுவத்தினர் அதில் சேரவில்லை. பணியில் இருக்கும்போது இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்குப் பழைய முறைப்படி பென்ஷன் வேண்டுமா, புதிய திட்டப்படி வேண்டுமா என்று ஊழியர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. அதில் சேர்ந்தவர் ஓய்வு பெற்று இறந்தால், அவர் வாங்கிய தொகையில் நூற்றுக்கு 60 பங்கு கணவனுக்கோ மனைவிக்கோ கிடைக்கும். தம் வீட்டு ஊழியர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாநில அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள் உண்டு. வயது வரம்பும் வருமான அளவும் மாறலாம். அவர்கள் தங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலைத் தொழிலாளியின் குடும்பம்

ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலையாக இருக்கலாம். கான்பூர் தோல் தொழிற்சாலையாக இருக்கலாம். சம்பளத்தில் வைப்பு நிதி பிடித்தால் அந்தத் தொழிலாளிக்குத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. இது 1995 நவம்பர் 16 முதல் நடக்கிறது. முதலாளி கட்டும் வைப்பு நிதிப் பங்கிலிருந்து இதற்குப் பணம் போகிறது.

பணியில் இருக்கும் தொழிலாளி இறந்தால், ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. "அவர் சேர்ந்து ஆறு மாதம்தானே ஆகிறது, ஒன்றும் வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. விதவைக்குக் கிடைக்கும்போதே பிள்ளைகளுக்கும் தனியாகக் கிடைக்கும். ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, ஒவ்வொருவருக்கும் விதவை பென்ஷனில் கால் பங்கு. விதவைக்கு 2,000 ரூபாய் என்றால் பிள்ளைகளுக்குத் தலைக்கு 500 ரூபாய். ஆக வீட்டுக்கு 3,000 ரூபாய். மூத்த பிள்ளைக்கு 25 வயதானதும் மூன்றாவது பிள்ளைக்குத் தொடங்கும். உடற்குறை உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு.

தாயும் இல்லாமல் போனாலோ, தாய் மறுமணம் செய்துகொண்டாலோ பிள்ளைகளின் பங்கு முக்கால் ஆகிவிடும். மேலே சொன்ன கணக்கில் தலைக்கு 1,500 ரூபாய். 2014 செப்டம்பர் முதல் விதவைக்குக் குறைந்தது 1,000 ரூபாய், பிள்ளைக்குக் குறைந்தது 250 ரூபாய், தாய் தந்தை இல்லாத பிள்ளைக்குக் குறைந்தது 750 ரூபாய் என்று இருக்கிறது. இது சின்னத் தொகைதான். ஆனாலும் மாதம் தவறாமல் வரும் தொகை.

மனைவியும் பிள்ளைகளும் இல்லாத தொழிலாளி இறந்தால் இங்கே நாமினிக்குப் பென்ஷன் போகும். நாமினியும் எழுதவில்லை என்றால் அவரை நம்பியிருந்த தந்தைக்கு, பிறகு தாய்க்கு. அரசு ஊழியர் விதியும் இந்த விதியும் இங்கே வேறுபடுகின்றன.

கூலி வேலை செய்தவரின் குடும்பம்

வயல் வேலை, கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை செய்பவருக்கு அலுவலகமும் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மத்திய அரசின் இரண்டு உதவிகள் உண்டு. சம்பாதித்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் ஒரே முறையாக 20,000 ரூபாய். விதவைக்கு 40 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்காக மாதம் 300 ரூபாய், 80 வயதானால் 500 ரூபாய். பல மாநிலங்கள் இதோடு தங்கள் பங்கையும் சேர்க்கின்றன. இதற்கு ஊராட்சி அலுவலகத்தில் அல்லது நகராட்சியில் விசாரிக்க வேண்டும்.

இருக்கும்போது செய்ய வேண்டியவை

அலுவலகத்தில் கொடுக்கும் குடும்ப விவரப் படிவத்தில் எல்லாருடைய பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், அலுவலகத்தில் வீட்டுச் செல்லப் பெயர் என்று இருந்தால் பின்னால் வருடக்கணக்கில் அலைய வேண்டும். குழந்தை பிறந்தால் எழுதுங்கள். மறுமணம் நடந்தால் எழுதுங்கள். மகள் விதவையானால் எழுதுங்கள்.

திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கி வையுங்கள். ஓய்வு பெற்றவர் தம் மனைவியோடு சேர்ந்து வங்கிக் கணக்கு வைப்பது நல்லது. பென்ஷன் உத்தரவில் மனைவியின் பெயர் இருந்து, அதே கணக்கில் அவரும் சேர்ந்திருந்தால் புதுக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பென்ஷன் உத்தரவு வீட்டில் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரிய வேண்டும். பெட்டியின் அடியில் கணவர் மட்டும் அறிந்த இடத்தில் அது இருந்து என்ன பயன்?

இறந்த பிறகு செய்ய வேண்டியவை

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு பிரதிகளாக வாங்குவது நல்லது. ஓய்வு பெற்றவர் என்றால் பென்ஷன் வரும் வங்கிக்குப் போக வேண்டும். பணியில் இருந்தவர் என்றால் அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். தாய் இறந்த பிறகு மகன் அல்லது மகள் கேட்பதானால், தந்தை கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து, "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கைநாட்டும் வைக்கக் கூடாது. "பெரிய அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும், வரும் பணத்தில் பாதி கொடு" என்பவரிடம் போகக் கூடாது. பென்ஷன் வாங்கக் கமிஷன் கிடையாது. மறுத்தால், இழுத்தடித்தால், மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

பென்ஷன் வரத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு வருடமும் நவம்பர் மாதம், "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சான்று கொடுக்க வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். வங்கிக்குப் போய்க் கொடுக்கலாம். கைரேகையோ முகமோ காட்டிச் செல்போன் மூலமும் கொடுக்கலாம். நடக்க முடியாதவர் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பணம் நின்றுபோகும்.

சகோதரிகளே, சகோதரர்களே,

சாவைப் பற்றி வீட்டில் பேசுவது அபசகுனம் என்று பலர் நினைக்கிறார்கள். "நான் போன பிறகு" என்று கணவர் பேச்சை எடுத்தாலே மனைவி வாயைப் பொத்துகிறார். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் பேசாமல் விட்ட வீட்டில்தான் பெயர் விடுபட்டுப் போகிறது. பேசாமல் விட்ட வீட்டில்தான் மகளின் வழக்கு தொடுக்கப்படாமல் போகிறது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து, காகிதங்களை எடுத்து, வீட்டில் படிக்கக் கற்றவர் சத்தமாகப் படிக்கட்டும். எல்லாரும் கேட்கட்டும்.

கலந்து பேசுங்கள்

1. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இறந்தார். மனைவி இருக்கிறார். 30 வயது மகன், திருமணமாகாத 35 வயது மகள், 80 வயதுத் தாய் இருக்கிறார்கள். பென்ஷன் யாருக்கு? அவருக்குப் பிறகு யாருக்கு?

2. கணவன் விட்டுப்போன பெண் தாய் வீட்டில் இருக்கிறார். தந்தை பென்ஷன் வாங்குகிறார். அந்தக் குடும்பம் இப்போது என்ன யோசிக்க வேண்டும்?

3. உங்கள் ஊரில் வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைத்து யாராவது ஏமாந்தது உண்டா? மற்றவர் ஏமாறாமல் இருக்க உங்கள் மையம் என்ன செய்யலாம்?

4. உங்கள் வீட்டில் எல்லாக் காகிதங்களிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? எடுத்துப் படித்துப் பாருங்கள்.